மலை ஏறினால் பையன் சரியாகிவிடுவானா? மதுரைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, மதுரைக்குப் பக்கத்தில் சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடி ஆலமரத்தடியில் எங்களைப் பார்ப்பவர்கள், "என்ன சார், ஸ்கூல் டூரா?" என்று கேட்பார்கள். ஆறேழு இளசுகள், இரண்டு கவுன்சலர்கள், ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர், ஒரு முதலுதவிப் பை. பேனர் கிடையாது, குழுவுக்குப் பெயரும் வைக்கவில்லை. படிப்பைப் பாதியில் விட்டவர்கள், அறையை விட்டு வெளியே வராதவர்கள், அரியரோடு வீட்டில் முடங்கியவர்கள் என்று பதினைந்திலிருந்து இருபத்துநாலு வயதுவரை வருகிறார்கள். அவர்களை இந்த மலை நடைக்கு அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வைல்டர்னஸ் தெரபி என்கிறார்களே, அது என்ன? சுற்றுலாவா, சிகிச்சையா?

மனநலப் பயிற்சி பெற்ற ஒருவர், சிரமத்தில் இருக்கும் இளைஞர்களைச் சிறு குழுவாகக் காட்டுக்கோ மலைக்கோ கூட்டிப்போய், அங்கே நடப்பது, சுமப்பது, சமைப்பது, தனியாக உட்காருவது ஆகியவற்றை வைத்தே கவுன்சலிங் செய்வதுதான் வைல்டர்னஸ் தெரபி. அந்தப் பயிற்சி பெற்ற ஆள் இல்லை என்றால் அது டூர்தான். டூரில் தப்பில்லை, நல்ல விஷயம்தான். ஆனால் அதற்குச் சிகிச்சை என்று பெயர் வைத்து அதற்கேற்ற காசு வாங்கக்கூடாது.

இது அமெரிக்காவில் ரொம்ப காலமாக இருக்கிறதாமே. அங்கே நடப்பதைத்தான் நீங்களும் செய்கிறீர்களா?

இல்லை. ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

இதன் வேர் 1941-இல் வேல்ஸ் நாட்டு அபர்டோவி என்ற கடற்கரை ஊரில் இருக்கிறது. குர்ட் ஹான் என்ற கல்வியாளர், போர்க்காலத்தில் இளம் மாலுமிகளுக்கு மன உறுதி வளர்க்க 'அவுட்வர்ட் பவுண்ட்' என்ற பள்ளியை அங்கே தொடங்கினார். அந்த முறை 1960-களில் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில், தடம் மாறிய பிள்ளைகளைத் திருத்தும் தொழிலாக அது வளர்ந்தது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை பிள்ளை அங்கேயே இருக்கும். ஒரு நாள் கட்டணமே நூற்றுக்கணக்கான டாலர்.

நல்ல பயிற்சியாளர்களும் அங்கே இருந்தார்கள். பலன் கிடைத்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் நடுராத்திரியில் இரண்டு தடியர்களை வீட்டுக்குள் விட்டு, தூங்குகிற பிள்ளையை எழுப்பித் தூக்கிப்போக வைக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. அப்பா அம்மாவே பணம் கட்டி ஏற்பாடு செய்வார்கள். இப்படிப்பட்ட முகாம்களில் 1990-களிலிருந்தே சாவுகள் நடந்திருக்கின்றன. 2007-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே அந்தச் சாவுகளைப் பற்றி ஓர் அறிக்கை தந்தது. 2024 பிப்ரவரியில் வடக்கு கரோலினாவில் ஒரு முகாமுக்கு வந்த பன்னிரண்டு வயதுப் பையன், சேர்ந்து 24 மணி நேரம்கூட ஆகாமல் இறந்துபோனான். அந்த முகாமின் உரிமத்தை மாநில அரசு ரத்து செய்தது. அதே வருடம் டிசம்பரில், இத்தகைய இல்லங்களில் குழந்தைகள் கொடுமைக்கு ஆளாவதைத் தடுக்க ஒரு மத்தியச் சட்டமும் அங்கே வந்தது.

ஆக, அமெரிக்கக்காரன் செய்கிறான் என்பது ஒரு சிபாரிசே ஆகாது. நாங்கள் செய்வது ரொம்பச் சின்னது. வாரம் ஒரு காலை, மொத்தம் எட்டு வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளை வீட்டில் இருக்கும். ராத்திரி எங்கும் தங்குவதில்லை.

மலை ஏறினால் மனசு எப்படி சார் சரியாகும்?

ஏறுவதால் மட்டும் ஆகாது. உடம்பு அசைவதும், விடியற்காலை வெளிச்சத்தில் இருப்பதும், ராத்திரி தூக்கம் ஒழுங்குபடுவதும் மனச்சோர்வுக்கு உதவும் என்பது உண்மைதான். அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அதை ஒரு சம்பவமாகச் சொன்னால்தான் புரியும்.

எட்டு மாதமாகக் கல்லூரிக்குப் போகாத ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவான், அவ்வளவுதான். நான்காவது வாரம் மலைமேல் இருக்கும் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறும்போது, பாறையில் வெட்டிய படியில் என் செருப்பு வார் பிய்த்துக்கொண்டது. (ஷூ போட்டு வரவேண்டும் என்று எல்லோருக்கும் சொல்கிறவன் நான். அன்றைக்கு என் காலில் ரப்பர் செருப்பு.) வெறுங்காலோடு நிற்கிறேன். பாறை அதற்குள் சுட ஆரம்பித்துவிட்டது. அவன் தன் பையின் ஜிப்பில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினான். என் செருப்பைக் கையில் வாங்கி, வாரை ஓட்டைக்குள் நுழைத்து, அடிப்பக்கம் ஊக்கைக் குறுக்கே குத்தி மாட்டினான். மாட்டிவிட்டு, "கீழ போறவரைக்கும் தாங்கும் சார், இழுத்து வைக்காதீங்க" என்றான். அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. அதுவும் எனக்கான அறிவுரை.

வீட்டில் அவனைச் சுற்றி எல்லோரும் அவனைச் சரிசெய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். மலையில் அவன் ஒன்றைச் சரிசெய்தான். அது உண்மையான தேவை, நான் ஏற்பாடு பண்ணிய நாடகம் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். பிள்ளைகள் நாடகத்தை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதை உடனே உவமையாக்கி, "பார்த்தாயா, அறுந்த வாரை ஒட்டினது மாதிரி உன் வாழ்க்கையையும்..." என்று பாடம் நடத்தக்கூடாது. நடத்தினால் அடுத்த வாரம் வரமாட்டான். நாங்கள் கீழே இறங்கி டீ குடித்தோம். இரண்டு வாரம் கழித்து, கல்லூரி லேபில் எல்லோர் முன்னாலும் தனக்கு நேர்ந்த ஒரு அவமானத்தை அவனே சொன்னான். அதன் பிறகுதான் கவுன்சலிங் என்று சொல்லத்தக்க வேலையே ஆரம்பித்தது.

நடக்கும்போது இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கிறோம் என்பதும் ஒரு காரணம். மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசு என்றால் பெரியவர்களுக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது, அளவோடு. சாகசவழி சிகிச்சைகள் பற்றிய 197 ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் ஒரு பெரிய ஆய்வறிக்கை வந்தது. சராசரிப் பலனின் அளவு 0.47 என்றது. புள்ளியியல் பாஷையில் அது நடுத்தரம். அற்புதமும் இல்லை, ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது. ஆனால் இந்தத் துறையின் ஆய்வுகள் பலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவே இருந்ததில்லை. அவை பெரும்பாலும் மேலைநாட்டுப் பிள்ளைகளை வைத்துச் செய்யப்பட்டவை. இதை வைத்துக்கொண்டு 'நூறு சதவீதம் மாற்றம்' என்று எவராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

என் பையனுக்கு இது ஒத்துவருமா?

பேச்சு குறைந்து போனவர்கள், பயம் பதற்றம் உள்ளவர்கள், லேசான, நடுத்தரமான மனச்சோர்வு, தோல்விக்குப் பிறகு முடங்கியவர்கள், போனே கதி என்று கிடப்பவர்கள் ஆகியோருக்கு இது உதவுவதைப் பார்க்கிறோம். சேர்வதற்கு முன் ஒரு மனநல மருத்துவர் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நம் ஊர் ஆட்கள் பெரியாஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கும் எலும்பு முறிவுக்கும் கூச்சமில்லாமல் போவார்கள், அந்த ஒரு பிரிவின் வாசலில் மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள். 1992-இலிருந்து மதுரையில் இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்ற அமைப்புகளும் உண்டு.

யாரைக் கூட்டிப்போகமாட்டோம் என்பதுதான் முக்கியம். செத்துப்போகணும் என்று சொல்கிற பிள்ளையை, கையைக் கீறிக்கொள்கிற பிள்ளையைப் பாறை விளிம்புக்கு அழைத்துப்போவது மடத்தனம். முதலில் மருத்துவர், பிறகு மலை. யாரோ காதில் பேசுகிறார்கள், எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று சொல்கிறவர்களுக்கும் அப்படித்தான். கட்டுக்குள் வராத வலிப்பு இருந்தாலும், சாப்பாட்டை ஒதுக்கி உடம்பு எலும்பாகிவிட்டிருந்தாலும் வேண்டாம். சாவைப் பற்றிப் பேச்சு எழுந்த வீட்டில் இதைப் படித்துக்கொண்டிருந்தால், இப்போதே 14416-க்குப் போன் போடுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு உதவி எண் அது. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எவராவது கொடுமை செய்வதாகத் தெரிந்தால் 1098.

மாத்திரை சாப்பிடுகிறான். மலைக்கு வரும்போது நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது. ஆனால் என்ன மாத்திரை என்பதை எங்களிடம் மறைக்காதீர்கள். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு வேர்த்து உடம்பில் நீர் குறைந்தால், ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி நஞ்சாக மாறக்கூடும். வேறு சில மனநோய் மாத்திரைகள் உடம்பு தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கும். மதுரை வெயிலில் இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. மருத்துவரிடம் "இவன் காலையில் இரண்டு மணி நேரம் வெளியே நடக்கலாமா?" என்று கேட்டு வாருங்கள். ஒரு அம்மா "சத்து மாத்திரை" என்று எழுதிக் கொடுத்தார். டப்பாவைப் பார்த்ததும் கவுன்சலர் மேடம் வெலவெலத்துப்போனார்.

கஞ்சா, கூல் லிப், குடி. இதிலிருந்து விடுபட மலை உதவுமா?

விடுபட்ட பிறகு உதவும். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் கட்டத்தை ஆஸ்பத்திரியில்தான் கடக்க வேண்டும். 'நாலு நாள் காட்டில் போட்டால் தன்னால் இறங்கிவிடும்' என்று எந்த மாமா சொன்னாலும் கேட்காதீர்கள்.

கூல் லிப் பற்றிப் பெற்றோர் பலருக்கு இன்னும் தெரியவில்லை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளும் சின்னப் புகையிலைப் பொட்டலம். வாடையும் பெரிதாக வராது. வகுப்பில் வைத்துக்கொண்டே பாடம் கேட்பான். 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே, பள்ளிப் பிள்ளைகள் இதற்கு அடிமையாவதைக் கண்டு நாடு முழுவதும் ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்டது. எங்கள் நடைக்கு வரும் நாளில் பையை யாரும் சோதனை போடமாட்டோம். உதட்டுக்குள் வைத்துக்கொண்டு ஏறினால் மாஸ்டர் கண்டுபிடித்துவிடுவார், "துப்பிட்டு வா, நிக்கிறேன்" என்பார். நிற்கவும் செய்வார்.

டூர் போகிறோம் என்று சொல்லி ஏமாற்றிக் கூட்டி வரலாமா? இல்லை, நாலு பேரை வைத்துத் தூக்கி வந்துவிட்டால்?

வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை, தூக்கமில்லாமல் கண் சிவந்து வரும் அப்பா அம்மாக்கள். பதில் மட்டும் ஒன்றுதான்: முடியாது.

நம் பக்கத்து மாவட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் சொந்தக் குடும்பத்தார். நல்லது நடக்கும் என்று நம்பித்தான் விட்டார்கள்.

இப்போது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. சங்கிலியில் கட்டுவது குற்றம். பதினெட்டு வயதுக்குட்பட்டவரை மனநல மையத்தில் சேர்க்க வேண்டுமானால், இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரோடு இன்னொரு மனநலப் பணியாளரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்து, வேறு வழியில்லை என்று சொல்ல வேண்டும். பெற்றோர் அல்லது பெற்றோர் ஸ்தானத்தில் ஒருவர் கூடவே தங்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே அறையில் போடக்கூடாது. ஒரு ஆஸ்பத்திரிக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், கம்பி வேலி போட்ட ஒரு தோப்புக்குள் பையனை இரண்டு மாதம் அடைத்து வைக்க எவருக்கு உரிமை இருக்கிறது?

பதினெட்டு தாண்டியவர் என்றால் முடிவு அவருடையது. இருபத்திரண்டு வயது இன்ஜினியரிங் பட்டதாரியை "என் புள்ள சார், நான் சொன்னா கேக்கணும்" என்று கொண்டுவருகிறார்கள். நாங்கள் பட்டதாரியிடம்தான் கேட்போம்.

சட்டத்தை விடுங்கள். ஏமாற்றிக் கூட்டி வந்த பிள்ளை முதல் நாள் கற்றுக்கொள்வது, அப்பா அம்மா சொல்வதை நம்பக்கூடாது என்பதைத்தான். அதை அழிக்க எத்தனை மலை ஏறினாலும் போதாது.

'காட்டில் நாற்பத்தைந்து நாள், பிள்ளையை மாற்றிக் கொடுக்கிறோம்' என்று விளம்பரம் வருகிறது. நம்பலாமா?

நேரில் போய்ப் பாருங்கள். காடு என்று சொல்வது வனமா, ஒருவர் தோட்டமா? மனநல மருத்துவர் யார், அவருடைய மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா? மனநல மையமாக நடத்தினால் அரசுப் பதிவு வேண்டும், அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை நினைத்த நேரத்தில் உங்களுக்குப் போன் பேசலாமா என்று கேளுங்கள். 'முதல் பதினைந்து நாள் பேசவிடமாட்டோம், அப்போதுதான் திருந்துவான்' என்றால் எழுந்துவிடுங்கள். சொல்பேச்சு கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். அதற்குச் சிரித்துக்கொண்டே மழுப்பினால் அதுவே பதில்.

மாலை போட்டு சபரிமலைக்கு அனுப்பினாலே போதாதா? எங்கள் காலத்தில் அதானே?

நல்ல கேள்வி, நான் ரொம்ப யோசித்த கேள்வியும்கூட. நாற்பத்தொரு நாள் விடியற்காலைக் குளியல், காலில் செருப்பில்லை, குடியில்லை, ஒரு குருசாமி, எல்லோரையும் 'சாமி' என்று ஒரே மரியாதையில் கூப்பிடும் ஒரு கூட்டம், கடைசியில் தலையில் இருமுடியோடு ஒரு மலை. தைப்பூசத்துக்கு மதுரை வழியாகப் பழனிக்கு நடக்கும் கூட்டத்திலும் இதே சங்கதிதான். வெளிநாட்டில் இதைச் சிகிச்சை என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் ஊரில் மாலை போட்ட மாதத்தில் குடியை நிறுத்திய ஆட்களை எல்லோருக்கும் தெரியும். மாலை கழற்றிய மறுநாள் எங்கே நின்றார்கள் என்பதும் தெரியும்.

பிள்ளையே விரும்பிப் போட்டால் தாராளமாகப் போகட்டும். நீங்கள் கழுத்தில் மாட்டிவிட்டால் அது விரதம் ஆகாது. குருசாமி நல்லவராக இருக்கலாம், ஆனால் மனச்சோர்வைக் கண்டுபிடிப்பது அவர் வேலை இல்லை.

பெண் பிள்ளைகளையும் கூட்டிப்போவீர்களா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?

பெண்களுக்குத் தனிக் குழு. பெண் கவுன்சலர் இரண்டு பேர், அதே விடியற்காலை. கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கழிப்பறை எங்கே என்று தெரியாததால்தான் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே மலை ஏறி மயங்குகிறார்கள்.

நாலு பேர் விஷயத்துக்கு வருவோம். ஆண் பிள்ளை அறைக்குள் அடைந்து கிடந்தால் ஊருக்குத் தெரிகிறது, பெற்றோர் பதறி ஓடி வருகிறார்கள். பெண் பிள்ளை அடைந்து கிடந்தால் 'அடக்கமான பொண்ணு' என்று பெயர் வாங்குகிறாள். அதனால் எங்களிடம் வரும்போதே நோய் முற்றியிருக்கிறது. அம்மா கூட வரலாம், ஆனால் அம்மா இன்னொரு பெண்ணோடுதான் நடக்க வேண்டும், தன் மகளோடு நடக்கக்கூடாது. இந்த விதியை நாங்கள் யோசித்து வைக்கவில்லை. ஒருமுறை தற்செயலாக அப்படி அமைந்தது, அன்றைக்கு இரண்டு அம்மாக்களும் இரண்டு மகள்களும் பேசிய பேச்சைக் கேட்ட பிறகு விதியாக்கினோம்.

செலவு?

எங்களுக்கு ஒன்றும் தர வேண்டாம். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து கீழக்குயில்குடி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் செலவும் கிடையாது.

ஏன் சமணர் மலையோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்? மேகமலை, கொடைக்கானல் என்று உள்ளே போகலாமே?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். காயம்பட்ட பலரை நம் மதுரைக்குத்தான் கொண்டு வந்தார்கள். அந்த நாட்களில் பெரியாஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் மலையேற்றத்தை விளையாட்டாகப் பேசமாட்டார்கள். அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரிலிருந்து 'ட்ரெக் தமிழ்நாடு' என்று நாற்பது பாதைகளை ஆன்லைன் பதிவோடும் வழிகாட்டியோடும் திறந்திருக்கிறார்கள். வனத்துறை நிலத்துக்குள் அனுமதி இல்லாமல் ஒரு அடிகூட வைக்கக்கூடாது. கோடையில் பாதையை மூடினால் மூடியதுதான்.

இன்னொன்று, பிள்ளைக்குப் பிறகும் அந்த இடம் கைக்கெட்ட வேண்டும். கொடைக்கானலில் கிடைத்த நிம்மதியைத் திரும்பத் தேடிப்போக அவனுக்கு ஒரு நாளும் ஆயிரம் ரூபாயும் வேண்டும். சமணர் மலைக்கோ ஒத்தக்கடை யானைமலைக்கோ சைக்கிளில் போய்விடுவான். அரிட்டாபட்டிக்கும் கூட்டிப்போயிருக்கிறோம். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட ஊர். டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் சுற்று வட்டாரமே திரண்டு நின்று நிறுத்தியது. ஒரு பெரியவர் அந்தப் போராட்டக் கதையைப் பாறையில் உட்கார்ந்து சொன்னபோது, எதற்கும் 'ப்ச்' என்கிற ஒரு பையன் இரண்டு கேள்வி கேட்டான்.

போனை வாங்கி வைத்துக்கொள்வீர்களா?

மாட்டோம். அணைத்துப் பைக்குள் வைக்கச் சொல்வோம். பெற்றோருக்கும் அதே விதி. மீறுவது பெரும்பாலும் பெற்றோர்தான்.

என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். பேரன் அங்கே அடங்கமாட்டேன் என்கிறான். ஒரு வருஷம் திருமங்கலத்தில் எங்களிடம் விடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

தாத்தா பாட்டி வீடும் சொந்த ஊரும் மருந்துதான், பையனுக்கே வரவேண்டும் என்று இருந்தால். லீவுக்கு என்று டிக்கெட் போட்டு, வந்திறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவைத்து "இனிமே இங்கதான்" என்று சொன்ன குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதினாறு வயதுப் பையனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. கூட்டாளி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, மாடியில் ஒரு ரூம். அமெரிக்கப் பாலைவன முகாமுக்கும் அந்த மாடி ரூமுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அங்கே இருக்கும் மருத்துவர் என்ன சொன்னார் என்று முதலில் கேளுங்கள். எத்தனை நாள், எப்போது திரும்புகிறான் என்பதை அவனோடு பேசி முடிவு செய்து, திரும்பும் டிக்கெட்டையும் அவன் கையில் கொடுங்கள். அப்படி வந்தால் சனிக்கிழமை அனுப்புங்கள். தமிழ் வராதது எங்களுக்கு ஒரு வசதி, மற்ற பிள்ளைகள் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் என்ன வார்த்தைகளைச் சொல்லிக்கொடுப்பார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

வெயில், பாம்பு, தேனீ என்று பயமாக இருக்கிறதே?

பயம் நல்லது. ஒரு வருஷம் மார்ச் கடைசியில் 'இன்னும் ஒரே ஒரு வாரம்' என்று ஆசைப்பட்டு ஏழரை மணிக்கு ஏற ஆரம்பித்தோம். இறங்கும்போது ஒரு பையன் கண் செருகி விழுந்தான். நிழலில் கிடத்தி, நனைத்த துண்டால் துடைத்து, ஆள் தெளிவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. தப்பு முழுக்க என்னுடையது. அதிலிருந்து ஏப்ரல், மே இரண்டு மாதமும் நடையே கிடையாது, மற்ற மாதங்களில் எட்டு மணிக்குள் இறங்கிவிடுவோம்.

பாறை இடுக்கில் மலைத்தேனீக் கூடு இருக்கும். சென்ட் அடித்து வரக்கூடாது, புகை கூடாது, கல் எறியக்கூடாது. தீ மூட்டிச் சமைப்பது கிடையாது. புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ வீட்டிலிருந்து பிள்ளையே கட்டிக்கொண்டு வரவேண்டும். அம்மா கட்டிக்கொடுத்தால் தெரிந்துவிடும், மூடி இறுக்கமாக இருக்கும்.

புதரில் உட்கார்ந்து எழுந்த பிறகு ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "மலைக்குப் போனான்" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஸ்க்ரப் டைஃபஸ் என்ற ஒட்டுண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டில் இருக்கிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம், அக்குளிலும் இடுப்பிலும் மறைந்திருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் சரியாகிவிடும்.

எல்லாம் சரி. அவன் வரவே மாட்டேன் என்கிறானே?

அப்படியென்றால் நீங்கள் வாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் மகனுக்காக வந்து பெயர் கொடுத்தார். பையன் கட்டிலை விட்டு எழவில்லை. "சரி, கொடுத்த வாக்குக்கு நானாவது வர்றேன்" என்று அவர் மட்டும் வந்தார். முதல் வாரம் பாதி படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது வாரம் பொரி உருண்டைப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. அந்தக் கதையை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது வாரம் கிளம்பும்போது, போர்வைக்குள்ளிருந்தே மகன், "கேரி பேக்ல எடுத்துட்டுப் போகாதீங்கப்பா, பைக்குள்ள வைங்க" என்றானாம். அதை என்னிடம் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி ஆனது.

நான்காவது வாரமும் பையன் வரவில்லை. ஐந்தாவது வாரம், இறங்கி வந்து ஆலமரத்தடியில் உட்கார்ந்திருக்கையில், தான் பதினேழு வயதில் வீட்டை விட்டு ஓடிப்போன கதையை அவர் சொல்ல ஆரம்பித்தார். முப்பது வருஷமாக மனைவியிடம்கூடச் சொல்லாததாம். இப்போது அவர் வியாழக்கிழமைதோறும் கடையை மூடிவிட்டுக் கவுன்சலிங்குக்கு வருகிறார். பையன் இன்னும் மலைக்கு வரவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு மட்டும் அறையிலிருந்து வெளியே வந்து, அப்பாவுக்கு எதிரே உட்காருகிறான்.